ஈசன் எனக்கு அனுப்பிய நர்சம்மா

வளைகாப்பு முடிந்த அந்த வாரமே என் கண்ணாடி வளையல்களெல்லாம் உடைந்தன. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று கணவர் என் மணிக்கட்டை முறுக்கினார். "பாத்துப் புழங்கத் தெரியாதா? வயித்துப் புள்ளைக்கு ஆகாதுடி" என்று மாமியார் என்னைத்தான் திட்டினார். கையில் வடிந்த ரத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தலைப்பிரசவத்துக்குச் செந்துறையில் உள்ள அம்மா வீட்டுக்கு என்னை அனுப்பவில்லை. "அவ இல்லாம எனக்குச் சோறு எறங்காதுங்க" என்றார் கணவர். ரஞ்சன்குடி பக்கத்தில் நான் வாழப்போன ஊரே அவர் பாசத்தை மெச்சியது. நானும் நம்பினேன். என் போனை வாங்கி வைத்துக்கொண்டதும், செக்கப்பில் டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவரே பதில் சொன்னதும்கூடப் பாசம் என்றே நினைத்தேன்.

ஆவணியில் மகள் பிறந்தாள். அதன் பிறகு இன்னும் மோசம். குழந்தை அழுதால் எனக்கு அடி விழும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் உதைத்திருக்கிறார். செத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இவளை யாரிடம் விட்டுவிட்டுச் சாவது? திருமழபாடி ஈசனிடம் ஒன்றைத்தான் அழுது கேட்பேன். "அப்பனே, அவருக்குக் கோபம் வராம பாத்துக்க." கோபம் குறையவே இல்லை. சாமிக்கும் நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் குழந்தையைப் பார்க்க நர்சம்மா வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் எல்லாவற்றுக்கும் கணவரே பதில் சொன்னார். "பால் குடிக்கிறதப் பாக்கணும், நீங்க செத்த வெளிய இருங்க சார்" என்று நர்சம்மா அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, "வூட்ல யாருக்காச்சும் பயந்துகிட்டு இருக்கியாம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து யாரும் என்னைத் தனியாக இப்படிக் கேட்டதில்லை. ஈசனே கேட்பதுபோல் இருந்தது. ரவிக்கையை விலக்கி முதுகைக் காட்டினேன்.

குழந்தைக்கு எடை பார்க்கணும், தாயும் பிள்ளையும் மட்டும் வந்தால் போதும் என்று கணவரிடம் சொல்லி, நர்சம்மா எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து நர்சம்மாவின் போனில் அண்ணனிடம் பேசினேன். "திரும்ப அந்த வூட்டுக்குப் போவாதம்மா. துணிமணிகூட வேணாம். இந்தா வந்துட்டேன்" என்றான். அவன் வரும்வரை நர்சம்மா என் கையை விடவில்லை.

இப்போது செந்துறையில் இருக்கிறேன். கேஸ் நடக்கிறது. வாசலில் பைக் சத்தம் கேட்டால் இன்னும் ஓடிப்போய்க் கதவைத் தாழிடுகிறேன். ஆனாலும் மகள் அழுதால் பயமில்லாமல் தூக்குகிறேன். அதற்கே ஈசனுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தீராது.

பிரதோஷத்துக்கு என்னோடு வரும் அக்கா தங்கைகளே, நம்பி வேண்டுங்கள். நாம் கேட்டபடியேதான் பதில் வரும் என்று காத்திருக்காதீர்கள். யாராவது ஒருவர் உங்களிடமும் மெதுவாகக் கேட்பார். அப்போது மட்டும் "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிடாதீர்கள்.