சும்மா இருந்தபோது உறைந்த கணினி

நூம்பலில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. ஒரு சீசனில் வேலை குவிந்துவிட, ப்ராசஸரை ஓவர்க்ளாக் செய்தேன். அதாவது, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட வைத்தேன்.

கணினியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கரையான்சாவடிக் கடைக்காரர், பவர் சேவிங்கை அணைத்துவிட்டுச் செய்யச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அது இருந்தால் வேலை இல்லாத நேரத்தில் ப்ராசஸர் தானாகவே வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கிக்கொள்ளும். அது இல்லையென்றால் என் ஷீட் போட்ட அறையில் பகலில் உட்காரவே முடியாது. சூடு இன்னும் குறையட்டும் என்று வோல்டேஜையும் மொத்தமாகக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். ஒரு பகல் பூராவும் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அந்த வாரம் என்னிடம் இருந்தது பூந்தமல்லியில் நடந்த ஒரு நிக்காஹ். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அந்தப் பெண் போன் செய்து, அத்தா வரும் இடங்களை மட்டும் பார்க்க வேண்டும், நாளைக்கு வரட்டுமா என்று கேட்டாள். வரச் சொன்னேன்.

மறுநாள் காலை அந்தக் காட்சிகளை வெளி டிஸ்குக்கு மாற்றப் போட்டேன். கணினியில் இடம் போதாததால் காப்பி செய்யாமல், இங்கே அழிந்து அங்கே போகிற மாதிரி கட் செய்தேன். கேமராக்காரர் மெமரி கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருந்தார். கீழே போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மேலே வந்தால் திரை உறைந்து கிடந்தது. மூலையில் கடிகாரம் பத்து பத்தில் நின்றிருந்தது. என் போனில் பத்தரை தாண்டியிருந்தது. அணைத்துப் போட்டேன். டிஸ்கை முழுக்க அழித்து ஃபார்மட் செய்தால்தான் திறக்க முடியும், செய்யட்டுமா என்று கேட்டது.

ஒருவருடைய கடைசிப் படத்தை அழித்துவிட்டேன் என்று மட்டும்தான் தோன்றியது. டிஸ்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு கடைக்காரருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அது ஓடறப்போ சாவலக்கா. சும்மா கீறப்போதான் சாவுது. டிஸ்குக்கு மாத்தறதெல்லாம் அதுக்கு ஒரு வேலையே இல்ல. ஏற்கெனவே இறங்கின வோல்டேஜ, நீ இன்னும் இறக்கி வச்சிக்கீற. மிஷின் நம்பிக்கையா நிக்கிற வரைக்கும் டிஸ்க சொருவாத."

அவர் சொன்னபடி பயாஸ் செட்டிங்குக்குள் போய், குறைத்த வோல்டேஜைத் திருப்பிக் கொடுத்தேன். வேகத்தையும் ஒரு படி இறக்கினேன். பவர் சேவிங்கை விட்டுவைத்தேன். இனி சோதனை என்றால் எதையும் செய்யாமல் இருப்பதுதான். மவுஸைத் தொட்டால் ப்ராசஸர் விழித்துக்கொள்ளும். அதனால் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு திரையின் கடிகாரத்தையே பார்த்தேன். ஒவ்வொரு நிமிடம் மாறும்போதும் மூச்சு வந்தது. கீழே சாதம் அடிபிடித்த வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆன பிறகுதான் டிஸ்கைச் சொருகி, பழுது பார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். நடுவில் ஒருமுறை உறைந்தால் மிச்சமும் போய்விடும்.

உறையவில்லை. ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு கோப்பு மட்டும் பாதியோடு நின்றது. அந்த அப்பா மகளின் தலையில் கைவைத்து வாழ்த்தி துவா செய்கிற காட்சி.

மூன்று மணிக்கு அவள் தம்பியோடு வந்தாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, மறைக்காமல் சொன்னேன். என் அவசரத்தால் வந்தது, பாதி துவாதான் மிஞ்சியது என்றேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போடச் சொன்னாள். துவா நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த காட்சியில் அவர் மண்டப வாசலில் குனிந்து, குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார். வேண்டாத காட்சி என்று வழக்கமாக நான் வெட்டிவிடுவது. அவள் தம்பி சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

"இத வெட்டிடாதீங்கக்கா" என்றாள். "முழுசா இருக்கட்டும்."

அவர்கள் கிளம்புவதற்குள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவள் கையிலேயே கொடுத்தேன்.