டாக்டரம்மா, ஒரே ஒரு கையெழுத்து

மாடு எந்தப் பக்கம் உதைக்கும் என்று கல்லூரியில் ஐந்து வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். மாட்டுக்காரர் எந்தப் பக்கமாக வருவார் என்று ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை. ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கால்நடை மருந்தகத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பாவத்துக்கு ஆளான அத்தனை பேருக்கும் இதைச் சமர்ப்பிக்கிறேன். உங்களுக்குத்தான் என் வலி புரியும்.

போனில் வந்த காளை

ஜல்லிக்கட்டு நெருங்கினால் காளைகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பல், கண், கொம்பு எல்லாம் பார்த்து, உயரம் அளந்து, காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே கையெழுத்து. அன்று வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். காளை எங்கே என்றேன். போனை நீட்டினார். முன்பக்கம், பக்கவாட்டு, மாலை போட்டது, குளிக்கிற வீடியோ எல்லாம் இருந்தது.

நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் என் வேலை போய்விடும் என்று சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க நல்லதுக்குத்தான் டாக்டரம்மா போட்டோவா கொண்டாந்தேன். எடுத்த பய காலுல கட்டுப் போட்டுப் படுத்துக் கெடக்கான்."

செவலை

மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், காப்பீடு செய்த பசு செத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்து சான்றிதழ் தர வேண்டும். காகிதத்தில் 'செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி' என்று இருந்தது. தரையில் கிடந்ததோ முழுக் கறுப்பு. காதில் காப்பீட்டுத் தோடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் குத்திய ஓட்டை அன்று காலையில் போட்டதுபோல் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு செவலை, நெற்றியில் சுட்டியோடு, கிழிந்த காதை ஆட்டிக்கொண்டு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

கோபம் வரவில்லை. வீடு ஓடியது கறுப்பு கறந்த பாலில்தான். காப்பீடு இருந்தது செவலைக்கு. இருந்தாலும் உள்ளதைத்தான் எழுதுவேன் என்றேன். மாட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தார். "காலையிலேருந்து வெயில்ல கெடக்குல்ல டாக்டரம்மா, அதான் கறுத்துப்போச்சு."

மூன்று நாள் பால்

மடி வீங்கிய பசு ஒன்றுக்கு மருந்து போட்டேன். மூன்று நாளைக்குப் பாலைக் கறந்து கீழே கொட்டிவிட வேண்டும், மருந்து பாலில் வரும், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பசுவை வளர்க்கிற அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் பாதி டீ குடித்திருந்தபோது, அதே அக்கா காலிக் கேனோடு கடைக்குள்ளிருந்து வந்தார். நான் சொன்னபடியே வீட்டில் யாரும் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லையாம். பூராத்தையும் கடைக்கு ஊற்றிவிட்டாராம். டீயைக் கீழே வைத்தேன். சட்டியோடு பாலைக் கொட்டச் சொல்லி, கொட்டும் வரை பக்கத்திலேயே நின்றேன். எதற்குப் போட்ட மருந்து என்று மாஸ்டர் கேட்டார். சொன்னேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப காலையிலேருந்து குடிச்சவுகளுக்கு மடி வீங்காதுல்ல?"

நல்லா இருக்கிற நாய்

வில்லாபுரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மணி என்ற நாட்டு நாயைக் கூட்டிவந்தார்கள். போகிற வாடகை வீட்டில் நாய் கூடாதாம். வலிக்காமல் ஒரு ஊசி போட்டுவிடுங்கள் என்றார் கணவர். சம்மதக் கடிதம்கூட எழுதிக் கொண்டுவந்திருந்தார். நோயில்லாத நாயைக் கொல்ல என் தொழிலில் இடமில்லை, மனசிலும் இல்லை என்றேன். என் நாய்தானே என்று வாதாடினார். அதற்குள் மணி மேஜைமேல் உட்கார்ந்தபடி எனக்குக் கை கொடுத்தான். அதுவரை வாயே திறக்காத அந்த அம்மா கடிதத்தை எடுத்து நான்காக மடித்து இடுப்பில் செருகினார். கணவரை அந்த வீட்டுக்குத் தனியாகப் போகச் சொல்லிவிட்டு, மணியைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

இரண்டு மாதம் கழித்து வெறிநாய்த் தடுப்பூசிக்கு மணி வந்தான். கயிற்றைப் பிடித்திருந்தது கணவர்தான். திருப்பரங்குன்றம் பக்கம் வேறு வீடு கிடைத்துவிட்டதாம். ஹவுஸ் ஓனர் நாய்க்குச் சம்மதித்தாரா என்று கேட்டேன். "நாயைப் பாத்ததும் சரின்னுருச்சு ஓனரம்மா. என்னையத்தான் மேலயும் கீழயும் ரெண்டு வாட்டி பாத்துச்சு."

இத்தனை வருஷத்தில் என் நோயாளி ஒருவர்கூட என்னிடம் பொய் சொன்னதில்லை; சொன்னதெல்லாம் கயிற்றின் மறுமுனையில் நின்றவர்கள்தான்.