தாமிரச் சுரங்கத்து நர்ஸ்

ஆஸ்பத்திரி நர்ஸைத் தேடி நோயாளி வருவார். சுரங்கத்து நர்ஸ் நோயாளியைத் தேடிப் பூமிக்குள் இறங்க வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, "இங்க எல்லாம் சௌக்கியம்" என்று வீட்டுக்குப் போனில் பொய் சொன்ன அத்தனை பேருக்கும் என் பாடு புரியும்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும்தான் என்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தார்கள். ஜாம்பியாவில் தாமிரச் சுரங்கத்தில் வேலை என்றதும் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அந்தச் சுரங்கத்தில் மெஸ் நடத்தும் யூசுப் பாய் கூத்தாநல்லூர்க்காரர். லீவில் வந்திருந்தவர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து, "என் தங்கச்சி மாதிரி பாத்துக்குறேங்க" என்று சொன்ன பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். அதுவரை வாயே திறக்காத அம்மா கேட்டாள்: "வெயில்ல நிக்கிற வேலை இல்லையே? அப்ப போயிட்டு வா."

கூண்டு

சுரங்கத்துக்குள் இரும்புக் கூண்டில் இறக்குவார்கள். முதல் நாள் அது விருட்டென்று இறங்கியதும், பக்கத்தில் நின்றவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். அவர் பெயர் முவான்ஸா. பாறையில் துளை போடும் மிஷின் ஓட்டுபவர். கையை உருவிக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் அவர் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்: "கண்ணைத் தொறங்க சிஸ்டர். மூடினாலும் இதே இருட்டுதான்."

காயத்துக்கு யார் முதலாளி?

அந்தச் சுரங்கம் முதலில் அரசாங்கத்துடையது. பிறகு ஒரு கம்பெனி வாங்கியது. நான் போன மறு வருஷம் அது இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனது. புது முதலாளிகள் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். ஆழம் கூடக் கூட அனலும் கூடியது. அந்தப் புது இடங்களில் இறங்கியவர்கள் எல்லாம் வேறு கம்பெனி மூலம் வந்த கான்ட்ராக்ட் ஆட்கள். நிரந்தர ஆட்களுக்குக் கொடுத்த பூட்ஸ்கூட அவர்களுக்குக் கிடையாது.

ஒருநாள் அவர்களில் ஒருவர் விரல் நசுங்கி, சுரங்கத்துக்குள்ளேயே இருந்த என் முதலுதவி அறைக்கு வந்தார். பின்னாலேயே வந்த சூப்பர்வைசர், "இவங்களுக்கு இங்க வைத்தியம் கிடையாது" என்றார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. கட்டுப் போட்டு முடித்துவிட்டுத்தான் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினேன். அவர் நேராகப் போய் டாக்டரிடம் புகார் சொன்னார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். டாக்டர் அந்த நாட்டுக்காரர், அதிகம் பேசாத மனிதர். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்துத்தான் கேட்டார்: "காயத்துல கம்பெனி பேர் எழுதியிருக்கா?"

நோன்புக் கஞ்சி

எனக்கே மலேரியா வந்தது. அது ரம்ஜான் மாதம். முவான்ஸாவின் மனைவி தினமும் வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டார். பகலெல்லாம் பட்டினியாக இருந்து சமைத்த யூசுப் பாய், நோன்புக் கஞ்சியில் முதல் கிண்ணத்தை எனக்குக் கொண்டுவருவார். வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால் விடமாட்டார்: "உங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் தங்கச்சி, மிச்சம் வைக்காதே."

திரும்பி வந்த விளக்குகள்

ஒரு காலை ஷிஃப்டில் பாறை சரிந்து முவான்ஸாவின் கால் மாட்டிக்கொண்டது. என் அறை பக்கத்திலேயே இருந்ததால் உடனே ஓட முடிந்தது. காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கூண்டு வரும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். உயிரும் தப்பியது, காலும் தப்பியது. நடையில் மட்டும் விந்தல் தங்கிவிட்டது. அதன் பிறகு அவருக்கு மேலேயே, இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்குகளைக் கொடுத்து வாங்கும் வேலை.

அடுத்த வருஷம், செலவைக் குறைப்பதற்காகக் கீழே இருந்த முதலுதவி அறையை மூடுவதென்று கம்பெனி முடிவு செய்தது. அதோடு என் வேலையும் போனது; நான் பெட்டி கட்டினேன். காலையில் இறங்க வேண்டியவர்கள் விளக்குகளை முவான்ஸாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்களும் உட்கார்ந்தார்கள். அவர்களை அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்; தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள். மேனேஜர், "கூலி உயர்வு வேணுமா?" என்று கேட்டார். "அது அப்புறம். சிஸ்டர் கீழ இருந்தா இவங்களும் கீழ போவாங்க" என்றார் முவான்ஸா.

மத்தியானத்துக்குள் உத்தரவு ரத்தானது. அவர்களுக்கு நன்றி சொல்லப் போனவளுக்கு அழுகைதான் வந்தது. முவான்ஸா என் விளக்கை எடுத்து நீட்டினார்: "அழுகையெல்லாம் சாயங்காலம் வச்சுக்கலாம் சிஸ்டர். ஷிஃப்ட் லேட்டாயிடுச்சு, இறங்குங்க."

என்னை வேலைக்கு எடுத்தது கம்பெனி, வேலையில் வைத்திருந்தது நோயாளிகள். இதைவிடப் பெரிய சிபாரிசு எனக்கு வாழ்க்கையில் கிடைக்கப்போவதில்லை, ஆனால் ஊர் திரும்பிய பிறகு தஞ்சாவூரில் எந்த ஆஸ்பத்திரி இன்டர்வியூவிலும் இது செல்லுபடியாகவில்லை.