மெயின் சுவிச் இறக்கப்படவில்லை

சண்டிலிப்பாயில் பிறந்து, சுன்னாகத்தில் வயரிங் வேலை பழகி, வலிகாமம் எங்கும் வீடு வீடாக வெளிச்சம் கொடுத்த எங்கள் அன்பு அண்ணர் மறைந்து இன்றுடன் முப்பத்தொரு நாட்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் முக்காற்பங்கினர் என் கையைப் பிடித்து, "என்ன செய்யிறது தம்பி, விதி" என்றார்கள். அண்ணர் கேட்டிருந்தால் ஏசியிருப்பார். எனக்கும் கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டது.

ஐயா காலமானபோது அண்ணருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டு, ஏணியைத் தோளில் கொழுவிக்கொண்டு சைக்கிளில் திரிந்து உழைத்து, இரண்டு அக்காமாரையும் கரைசேர்த்தார். நல்ல மனிதர், வாய்தான் பொல்லாதது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செப்புக்கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களிடம், "பியூஸ் எரியிறது உங்களைக் காப்பாத்த. அதை எரிய விடாட்டி வீடுதான் எரியும்!" என்று கத்துவார். அவர் ஒழுங்கை திரும்புமுன்பே அவர்கள் அதே கம்பியை மறுபடி சுற்றிவிடுவார்கள்.

தொண்ணூறில் போரால் மின்சாரம் நின்றபின் நிலைமை இன்னும் மோசம். செத்த கம்பிதானே என்று தெருக்கம்பியில் உடுப்புக் காயப்போட்டோம். கொண்டாட்டம் என்றால் வாடகை ஜெனரேற்றர். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரில் ஒன்றை ஜெனரேற்றரிலும் மற்றதைச் சுவரிலும் செருகினால் வீடு முழுக்க வெளிச்சம். மெயின் சுவிச்சை இறக்கித் தெருத்தொடர்பைத் துண்டிக்காமல் அப்படிச் செய்தால் மின்சாரம் வீட்டோடு நிற்காது, தெருக்கம்பிக்கும் ஏறும். அண்ணர் இதைச் சொல்லாத வீடில்லை. "கரண்டுக்கு ஆள் தெரியாது. நிலத்துக்குப் போக வழி கிடைச்சால் போகும், அது உன்ரை உடம்பெண்டாலும்" என்பார். நாங்கள் ஓம் ஓம் என்று தலையாட்டுவோம்.

பெரியபிள்ளையான என் மகளின் சாமத்தியவீட்டன்று காலை, வாசல் படலைக்கு முன்னால் தாழ்ந்து தொங்கிய தெருக்கம்பி வருகிற சனத்தின் தலையில் முட்டும் என்று, அதை இழுத்துக்கட்ட அண்ணர் வந்தார். பின்வளவில் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டுப் போட்டிருந்தார்கள். ஏணியில் கால் வைக்குமுன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மெயின் இறக்கிக் கிடக்கோ?"

"ஓம் அண்ணை, இறக்கித்தான் கிடக்கு."

நான் போய்ப் பார்க்கவில்லை. பந்தலில் வாழை கட்டிக்கொண்டு நின்றேன். ஒருவர் சொல்லையும் நம்பாமல் கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்ரர் வைத்துப் பார்க்கிற மனிதர், அன்று பட்டுவேட்டியோடு நின்றதால் டெஸ்ரர் கையில் இல்லாமல், என் சொல்லை நம்பி ஏறினார். கம்பியைப் பிடித்தவர் உயிரோடு இறங்கவில்லை.

மெயினை இறக்காமல் வயரைச் செருகிவிட்டார் என்று இந்த ஒரு மாதமும் ஜெனரேற்றர்காரர் மீதே பழியைப் போட்டுக் கதைத்தேன். அவர் என்னை மன்னிக்க வேண்டும். ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்திய பக்கத்து வீட்டு மாஸ்ரருக்கும், எரிபொருள் கிடையாத நாளிலும் தன் காரில் அண்ணரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடிய மாமாவுக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இனியாவது விதி என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டு மெயின் சுவிச்சைப் பாருங்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு எழுதிய இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணர் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவர் அப்போதுதான் அறிந்தார். அழவில்லை, ஏசவுமில்லை. இதைத்தான் கேட்டார்:

"ஒருக்கால் போய்ப் பாத்திருக்கக் கூடாதோ தம்பி?"