இரண்டாம் பிரதிவாதி

போன வாரம் இந்தப் பத்தியை ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பதுளையில் கோர்ட் வாசலில் நின்றிருந்தேன். வழக்கு என்னுடையதல்ல – என் பள்ளித் தோழி பரமேஸ்வரியுடையது. ஆனாலும் திரும்பி வந்த பிறகு ஒரு வரிகூட எழுத மனம் வரவில்லை.

பரமேஸ்வரியின் வீடு பெரகல சந்திக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவள் அப்பா, தொழிலாளர் லயத்தை விட்டு வெளியே வந்து கட்டிய வீடு. அவர் இறந்ததும் சித்தப்பா மகன் ஓர் உறுதிப் பத்திரத்தை நீட்டி, காணி தன்னுடையது என்று வழக்குப் போட்டார். பரமேஸ்வரி முதலாம் பிரதிவாதி. அவள் தங்கை வசந்தா இரண்டாம் பிரதிவாதி. கீழ்க் கோர்ட்டில் இருவரும் தோற்றார்கள்.

போதும், விட்டுவிடலாம் என்றாள் வசந்தா. அக்காவுக்கு அது துரோகமாகப் பட்டது. பேச்சு முற்றி, வசந்தா தன் தையல் மெசினோடு பண்டாரவளைக்குப் போய்விட்டாள். பரமேஸ்வரி தனியாக மேன்முறையீடு செய்தாள். அந்த மனுவில் சித்தப்பா மகனின் பெயர் இருந்தது. தங்கையின் பெயர் இல்லை. அவள் பெயரே வேண்டாம் என்று இவள்தான் சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுக்காக வாதாடிய சட்டத்தரணியும் ஏனென்று கேட்கவில்லை.

ஒரு பெயர்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. கீழே வழக்கில் இருந்த ஒருவரை விட்டுவிட்டு, அவரையும் பாதிக்கிற தீர்ப்பை எப்படி மாற்றுவது? மேன்முறையீட்டையே தள்ளுபடி செய்யுங்கள் என்றார்கள். வீடு யாருக்கு என்ற பேச்சு அப்படியே நின்றது. வசந்தாவைச் சேர்ப்பதா, வேண்டாமா – அதுவே வழக்காகிப் போனது. தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிப்போனது...

புதிதாக வந்த சட்டத்தரணி நல்ல மனிதர். சேர்க்கச் சொல்லி மனுப் போடலாம், பெயர் ஏன் விடுபட்டது என்று, சத்தியம் செய்து கொடுக்கும் சத்தியக்கடதாசியில் காரணம் காட்ட வேண்டும் என்றார். ‘மறதியால் விடுபட்டது’ என்று எழுதினார். வசந்தாவும் சம்மதம் என்று கையெழுத்து வைத்தால் நல்லது.

பண்டாரவளைக்கு நானும் கூடப் போனேன். ஒரு துணிக்கடையின் பின்னறையில் வசந்தா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். கையிலிருந்த துணியைத் தைத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். நாங்கள் கொடுத்த தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

“மறதியாலன்னு போட்டிருக்கு. நீ என்னைய மறந்தியாக்கா?”

பரமேஸ்வரி தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள்.

“வேணாம்னுதானே விட்ட. அத எழுது, கையெழுத்து வைக்கிறேன். பொய்யச் சொல்லி என் பேரச் சேக்காத.”

திரும்பும்போது பஸ்ஸில் பரமேஸ்வரி என்னிடம் கேட்டாள், என்ன செய்யலாம் என்று. நான் யோசிக்கவேயில்லை. உள்ளதை உள்ளபடி எழுது என்றேன். கோபித்துப் பிரிந்த அக்காவும் தங்கையும் ஒன்றாக வந்து நின்றால் எந்த நீதிபதிதான் இரங்கமாட்டார்? வாராவாரம் உங்களுக்கு நியாயம் சொல்லிப் பழகிய வாய் அல்லவா?

சட்டத்தரணி எச்சரித்தார். “மறதின்னா மன்னிப்பாங்க. வேணும்னே விட்டதுன்னா கஷ்டம்ங்க.” பரமேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

உண்மையே கோர்ட்டுக்குப் போனது. வசந்தா கையெழுத்து வைத்தாள்.

போன வாரம் அந்த மனு மீது கோர்ட்டின் கட்டளை. வசந்தாவும் லீவு போட்டு வந்திருந்தாள். உள்ளே சிங்களத்தில் வாசித்தது எங்கள் மூவருக்கும் பாதிதான் விளங்கியது. வெளியே வந்து சட்டத்தரணி சொன்னார். தவறி விடுபட்ட தரப்பை மேன்முறையீட்டில் சேர்க்கலாம். ஆனால் தெரிந்தே விட்டதாக இவர்களே சத்தியம் செய்திருக்கிறார்கள். ஜெயித்தவரை இத்தனை வருடம் கழித்து இன்னும் காக்கவைக்க முடியாது. மனு நிராகரிப்பு. மேன்முறையீடு தள்ளுபடி. அந்த உறுதி சரியா, பிழையா என்று மேல் கோர்ட்டில் யாரும் பார்க்கப் போவதில்லை.

“மறந்துட்டேன்னு எழுதியிருந்தா, சார்?” என்று கேட்டாள் பரமேஸ்வரி.

அவர் கோப்பைக் கட்டிக்கொண்டே, “அத இப்பப் பேசி என்னங்க...” என்றார்.

பரமேஸ்வரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீடு போனாலும் அக்காவும் தங்கையும் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதினால் உங்களுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். அப்படி நடக்கவில்லை. மூவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். பரமேஸ்வரி முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். வசந்தா பண்டாரவளையில் இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து, சாமான்களோடு தன் வீட்டுக்கே வந்துவிடும்படி அக்காவைக் கூப்பிட்டாள். பரமேஸ்வரி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் எடுக்கும்வரை வசந்தா அங்கேயே நின்றாள்.

யார்மேல் குற்றம்? நீதிபதி சட்டத்தைச் சொன்னார். வசந்தா கேட்டது அவளுக்கு உரிய மரியாதையை. பரமேஸ்வரி ஒரு கோபத்தில் ஒரு பெயரை விட்டாள். நம்மில் யார் விடவில்லை?

உண்மையை எழுதச் சொன்னவள் நான் – வீட்டைக் காலி செய்கிறவள் அவள்.