பிரசவ வார்ட்டின் வாசலில் நின்ற என் மகன்

கடந்த தவக்காலம் தொடங்கிய கிழமையில் என் மகன் நிக்சன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். தாதியர் படிப்புப் படிக்கிறவன். "இனிப் போகமாட்டன் அம்மா. அப்பாவோட கடலுக்குப் போறன்" என்றான். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

அப்போது அவனுக்குப் பிரசவ வார்ட்டில் பயிற்சி. பேறு நடக்கும்போது கூட நின்று உதவி செய்திருந்தால்தான் சோதனை எழுத விடுவார்கள். கூடப் படிக்கிற பெண் பிள்ளைகள் செய்து முடித்துவிட்டார்கள். இவன் கட்டிலுக்குக் கிட்டப் போனால் பெண்கள் முகத்தை மூடுகிறார்கள். "ஆம்புள வாணாம் மகன், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்கிறார்கள் அவர்களின் தாய்மார். இவன் வாசலில் நிற்பான். யாரைக் குற்றம் சொல்வது? நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனாலேயே எனக்கு மன்றாட வரவில்லை. மகன் படிக்க வேண்டும் என்று கேட்டால், யாரோ பெற்ற பிள்ளை வெட்கப்பட வேண்டும் என்று கேட்பது மாதிரி இருந்தது.

குறிஞ்சிப்பிட்டிக் கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில் கதை பரவியது. "என்ன அக்கா, உங்கட மருத்துவிச்சி லீவிலயோ?" என்று பக்கத்து வீட்டு மரியா கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மீனைப் புரட்டினேன். அன்றைய களைப்பு உடம்பில் வந்த களைப்பு இல்லை.

மாதாவைப் பெற்ற அன்னம்மா தாயாரின் படத்துக்கு முன்னால் இருந்தேன். செபமாலை கையில் கிடந்தது, வார்த்தை வரவில்லை. "தாயே, நீங்களும் பெத்தனீங்கள். அந்தப் பிள்ளையளுக்கும் வெக்கம் வேண்டாம், என்ர பிள்ளைக்கும் வெக்கம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் நிக்சன் குசினிக்கு வந்தான். "அம்மா, நான் பிறக்கேக்க உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

எங்களில் ஆண் பிள்ளைக்குப் பேறுகாலக் கதை சொல்வதில்லை. என் புருஷனுக்கே நான் சொன்னதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். இடுப்பு விட்டுப் போனது. வந்தவர்கள் எல்லாரும் காலடியில்தான் நின்றார்கள், என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நாரியை, முதுகின் அடிப்பக்கத்தை, யாராவது அழுத்திவிட்டால் போதும் என்று கிடந்தேன். அவன் தேத்தண்ணியை ஆறவிட்டுக் கேட்டான். ஞாயிறு பூசை முடிய, தானாகவே பையை எடுத்துக்கொண்டு படிக்கத் திரும்பினான்.

பெரிய வியாழனன்று அவனிடமிருந்து போன் வந்தது. தில்லையடி முஸ்லிம் பெண் ஒருத்தி வலியோடு வந்திருக்கிறாள். அவளுடைய உம்மா இவனைப் போகச் சொல்லியிருக்கிறா. "போறன் உம்மா. நான் தொடமாட்டன். எங்க அழுத்தினா நோவு குறையும் எண்டு காட்டிட்டுப் போறன், நீங்க அழுத்துங்க" என்றிருக்கிறான். தலைமாட்டில் நின்று காட்டினான். உம்மா அழுத்தினா. பெண்ணுக்கு நோவு தணிந்து மூச்சு வந்தது. இவன் திரும்பி நடக்க, "இந்தத் தம்பி நிக்கட்டும் உம்மா" என்று அவளே சொன்னாள்.

"பொம்பிளைப் பிள்ளை அம்மா" என்று நிக்சன் அழுதான். பிறகு அந்த உம்மா இவனைப் பார்த்து, "மகனுக்கு வாற பொஞ்சாதி குடுத்து வெச்சவ" என்று சொல்லிச் சிரித்தாவாம்.

அதற்குப் பிறகும் சிலர் அவனை வெளியே போகச் சொன்னார்கள். போய் வாசலில் நின்றான். கூட நிற்க விட்ட சிலரோடு பயிற்சியை முடித்தான், சோதனையும் எழுதிவிட்டான். நான் இப்போது ஒவ்வொரு காலையும், பேர் தெரியாத பெண்களுக்காக, வலியோடு கட்டிலில் கிடக்கிறவர்களுக்காக மன்றாடுகிறேன்.

சகோதரங்களே, எப்படிக் கேட்பது என்று தெரியாத மன்றாட்டு உங்களிடமும் இருக்கும். தெரியவில்லை என்றே போய்ச் சொல்லுங்கள். கர்த்தர் அதையும் கேட்கிறார். எனக்குக் கேட்டார்.