காசில்லாத ஸ்பெஷல் கிளாஸ்

ஈரக் கம்பளிக் கோட்டு அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காயும்போது ஒரு வாடை வரும். நனைந்த ஆடும் பழைய பெயின்டும் கலந்த அந்த வாடைதான் எனக்கு எண்பதுகளின் கடைசி. ஃபாரஸ்ட் கேட் பள்ளிக்கூடத்தில், பொயிலர் அறைக்குப் பக்கத்தில், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கான சிறிய வகுப்பில், மூன்று வயதிலேயே லண்டனுக்கு வந்து கெட்ட வார்த்தைகள் உட்பட ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்திருந்த நான், பதினொரு வயதில் "இது ஆப்பிள்" என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன்.

பிழை அப்பாவுடையது. சேர்த்த அன்று, வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்கள்; "தமிழ், சுத்தத் தமிழ்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். என் முகத்தைப் பார்த்தபின் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை அவர்களுக்கு. வீட்டில் இத்தாலிய மொழி பேசிய என் வெள்ளைச் சிநேகிதியை ஒருவரும் அந்த அறைக்கு அனுப்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் "ஸ்பெஷல் கிளாஸ்" என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள் காசு கட்டிப் படிப்பது. அதனால் அப்பா மனோர் பார்க் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார்: "காசில்லாமல் ஸ்பெஷல் கிளாஸ் குடுக்கிறாங்கள், கண்டியளோ!" காசு இருந்தது, பள்ளிக்கூடத்திடம் இருந்தது. எங்களைப் போன்ற தலைகளுக்காக அரசாங்க மானியம் வந்தது, தலை தேறிப் போனால் மானியமும் போய்விடும். ஆகவே நாங்கள் ஆண்டுக்கணக்காகத் தேறாமலே இருந்தோம். அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகள் அல்ஜிப்ரா படித்தார்கள்.

கணக்குச் சோதனையில் கெட்டிக்காரருக்கு மேல்தாள், மற்றவர்களுக்குச் சுகமான கீழ்த்தாள்; கடைசியில் என்னைக் கீழ்த்தாள் எழுதப் போட்டார்கள். என்னை எஞ்சினியராக்கும் கனவோடு வந்த அப்பா, பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரைக் கேட்டார்: "எல்லாம் சரியாச் செய்தால், சேர்?"

எல்லாம் சரியாகச் செய்தாலும் எஞ்சினியர் படிப்புக்கு வேண்டிய தரம் அந்தத் தாளில் இல்லை என்றார் அவர், அன்பாகத்தான். மேல்தாளுக்கு மாற்றலாமா என்று அப்பா கேட்டார். அல்ஜிப்ரா தெரியாத பிள்ளையை எப்படி மாற்றுவது?

பஸ்ஸில் அம்மா வாய் திறந்தார். "இஞ்சேருங்கோ, இவ்வளவு நாளும் ஆருக்கு ஸ்பெஷல்? பிள்ளைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ?"

அப்பா முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். இறங்க வேண்டிய தரிப்பு கடந்து போயிற்று.

கீழ்த்தாள் தரக்கூடிய ஆகக்கூடிய தரத்தை எடுத்தேன். எஞ்சினியர் ஆகவில்லை. நான் கட்டாததால்தான் இந்த நாட்டுப் பாலங்கள் இன்னும் நிற்கின்றன என்று பகிடி விடுவேன். அப்பா மட்டும் சிரித்ததில்லை.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பொயிலர் அறை போயிற்று, அந்த வாடையும் போயிற்று. போன கிழமை நானும் அப்பாவும் போன டூட்டிங் சாப்பாட்டுக் கடையில், பரிமாறிய பெடியன் "அங்கிள், இண்டைக்கு நண்டுக் கொத்து ஸ்பெஷல்" என்றான்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. எல்லாருக்கும் குடுக்கிறதையே எங்களுக்கும் தாரும்."